கையெழுத்துக்கு 28 நிமிடம், கேட்பதற்கு 104 மணி நேரம்

ஒரு கணக்குப் போடுவோம். இங்கிலாந்தில் 40 பேர் தங்கியிருக்கும் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். அவர்களில் 28 பேருக்கு டிமென்ஷியா எனும் மறதிநோய். ஆய்வாளர் ஒருவர் அங்கே போகிறார். புது மருந்து, ஊசி எதுவும் இல்லை. தூக்கம், வலி, சாப்பாடு, மனநிலை ஆகியவற்றை நான்கு சுற்றுகளில் கவனித்துக் குறிப்பது மட்டுமே வேலை. அந்த 28 பேரிடமும் முறையாகச் சம்மதம் கேட்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? கீழே உள்ள நேரங்கள் நானாக வைத்துக்கொண்டவை. எல்லா வரியிலும் கையைச் சுருக்கியே வைத்திருக்கிறேன்.

முகம் பழக, ஆளுக்கு 60 நிமிடம்: 28 மணி.
ஆய்வை விளக்கிச் சொல்லி, புரிந்ததா என்று பார்க்க, ஆளுக்கு 45 நிமிடம்: 21 மணி.
நடந்ததை எழுதிவைக்க, ஆளுக்கு 15 நிமிடம்: 7 மணி.
தாமே முடிவெடுக்க இயலாதவர்கள் 20 பேர் என்றால், அவர்கள் வீட்டாரைத் தேடிப் பிடித்துப் பேச, ஆளுக்கு 90 நிமிடம்: 30 மணி.
நான்கு சுற்றிலும் மறுபடி மறுபடி கேட்க, சுற்றுக்கு ஆளுக்கு 10 நிமிடம்: 18 மணி 40 நிமிடம்.

மொத்தம் 104 மணி 40 நிமிடம். வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை பார்க்கும் ஒருவருக்கு இது ஏறத்தாழ மூன்று வாரம். தலைக்கு 3 மணி 44 நிமிடம் விழுகிறது. 28 படிவங்களில் கையெழுத்து விழ, ஆளுக்கு ஒரு நிமிடம் வீதம், 28 நிமிடம் போதும்.

கோப்பில் 'சம்மதம் பெறப்பட்டது' என்று ஏறுவது அந்த 28 நிமிடம். 104 மணி நேரத்தை நிதி விண்ணப்பத்தில் தனி வரியாகக் கேட்கத் துணிகிறவர் குறைவு. கேட்டாலும் முதலில் வெட்டுப்படக்கூடிய வரி அதுதான் என்பது என் கணிப்பு. எந்த முடிவும் தராத வேலைபோல் அது தோன்றும். வரி வெட்டப்பட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். அந்த 28 பேரை ஆய்விலிருந்தே தள்ளிவிடுவார்கள், அல்லது வேறொருவர் கையெழுத்தோடு காரியத்தை முடித்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் விலை கொடுப்பவர் அந்த இல்லத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

40க்கு 28 என்பது கற்பனை விகிதம் அல்ல. இங்கிலாந்தில் முதியோரின் அறிவாற்றல் பற்றி நடந்த சி.எஃப்.ஏ.எஸ். ஆய்வின் முதல் சுற்று 1989-94இல், இரண்டாவது 2008-11இல். இடைப்பட்ட காலத்தில் நாட்டில் 65 வயது தாண்டியோரிடையே மறதிநோய் எதிர்பார்த்த 8.3 சதவீதத்துக்குப் பதில் 6.5 சதவீதமாகத்தான் இருந்தது. நல்ல செய்தி. பராமரிப்பு இல்லங்களுக்குள் மட்டும் கணக்கு எதிர்த்திசையில் போயிற்று: 56 சதவீதம் 70 ஆக ஏறியது. ஓரளவு முடிந்தவர்கள் வீட்டிலேயே இருந்துகொள்ள, முடியாதவர்கள் இல்லங்களில் சேர்ந்தார்கள் என்று இதைப் படிக்கலாம். பிரிட்டன் முழுவதும் இல்லவாசிகள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். 70 சதவீதம் என்றால் 2,80,000. அந்நாட்டில் மறதிநோயோடு வாழ்வோர் 2024 மதிப்பீட்டின்படி 9,82,000 பேர். ஆண்டுச் செலவு 4,200 கோடி பவுண்டு. உலக அளவில் உலக சுகாதார நிறுவனம் தரும் எண்கள் 2021இல் 5.7 கோடிப் பேர், 2019இல் 1.3 லட்சம் கோடி டாலர். அந்த டாலரில் பாதி, சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் உழைப்புக்குப் போட்ட விலை.

இந்த 2,80,000 பேரிடம் எப்படிக் கேட்பது என்பதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வகுத்துவைத்தது 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2007இல். ஆராய்ச்சிக்கென 30 முதல் 34 வரை ஐந்து பிரிவுகள் அதில் உண்டு. ஆனால் அடித்தளம் அதற்கு முன்பே போடப்பட்டுவிடுகிறது. ஒருவருக்குத் திறன் இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை இருப்பதாகவே கொள்ளவேண்டும். பார்க்கவேண்டியவை நான்கு: சொன்னது விளங்குகிறதா, நினைவில் நிற்கிறதா, சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா, முடிவை ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்க முடிகிறதா. நினைவில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும்? முடிவெடுக்கும் அளவுக்கு நின்றால் போதும். மறுநாள் காலை ஆய்வாளரின் முகமே மறந்துபோனாலும் முந்தைய நாள் எடுத்த முடிவு அதனால் மட்டும் செல்லாமல் போய்விடாது. திறன் என்பது கேள்விக்குக் கேள்வி, வேளைக்கு வேளை மாறுவது என்பதும் சட்டத்தின் நிலை. காலை 10 மணிக்குத் தெளிவாகப் பேசுபவர் பொழுது சாயும்போது குழம்புவது இந்நோயில் வழக்கம். ஆய்வாளரின் ரயில் 5 மணிக்குத்தான் வருகிறது என்றால் அது ரயிலின் குறை. முதியவரின் குறையாக எழுதக்கூடாது.

சுருக்கு வழிகளும் இருக்கின்றன. 2007இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் திலீப் ஜெஸ்தே குழுவினர் 10 கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடியும், 20 மதிப்பெண். சல்லடையாக நல்லது. அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது தவறு. 30 மதிப்பெண் நினைவுத் தேர்வைச் சம்மதத் தேர்வாக்குவது அதைவிடத் தவறு. இன்றைய தேதி தெரியாதவருக்குத் தன் ரத்தத்தை எடுக்கவிடலாமா வேண்டாமா என்பது தெரிந்திருக்கக்கூடும்.

திறன் இல்லை என்று முடிவானால் 31ஆவது பிரிவு நுழைகிறது. ஆய்வு அவரது நோயோடு தொடர்புடையதாக இருக்கவேண்டும். திறன் உள்ளவர்களை மட்டும் வைத்து அதே அளவு பயன்தரும்படி அதைச் செய்ய முடியாது என்று காட்டவேண்டும். அவருக்கு நேரடி நன்மை இருந்தால் சுமை அதற்கு மிஞ்சக்கூடாது. அறிவு வளர்ச்சிக்கு மட்டும் என்றால் ஆபத்து இம்மிதான் இருக்கலாம். 32ஆவது பிரிவு, அவர் நலனில் அக்கறையுள்ள ஒருவரைத் தேடிப் பிடித்துக் கலந்துகொள்ளச் சொல்கிறது. சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்பவர் அந்த இடத்துக்கு வரமுடியாது. மகனோ மகளோ தோழியோ வரலாம். யாருமே இல்லாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவரை நியமிக்கவேண்டும். அப்படி வருபவரிடம் கேட்கவேண்டிய கேள்வி, 'உங்கள் அம்மாவைச் சேர்க்க உங்களுக்குச் சம்மதமா' என்பதன்று. 'உங்கள் அம்மாவுக்குத் தெளிவு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்' என்பது. முன்னதற்கு ஒரு நிமிடத்தில் பதில் வரும். பின்னதற்கு, அம்மா மருத்துவர்களை நம்பியவரா, அந்நியர் தொட்டால் பொறுப்பாரா, நாலு பேருக்கு உதவும் என்றால் முன்னே நிற்பாரா என்றெல்லாம் பின்னோக்கிப் போகவேண்டும். என் கணக்கில் 90 நிமிடம் போட்டது இதற்காகத்தான். 'வேண்டாம் என்றிருப்பார்' என்று பதில் வந்தால் அவரைச் சேர்க்க முடியாது.

ஐந்து பிரிவுகளில் எனக்குப் பிடித்தது 33. வீட்டார் என்ன சொல்லியிருந்தாலும், அந்த முதியவர் எதிர்ப்பதாகத் தோன்றினால் நிறுத்தவேண்டும். எதிர்ப்பு வாய்ச்சொல்லாக இருக்கவேண்டியதில்லை. அவர் எந்த விதத்தில் காட்டினாலும் சரி. அவரை ஊறிலிருந்து காக்கவோ வலியைக் குறைக்கவோ செய்யும் காரியம் மட்டுமே விலக்கு. விலக விரும்புவதாகக் காட்டினால் தாமதமின்றி விடுவிக்கவேண்டும். அறிவியலின் நலனையும் சமுதாயத்தின் நலனையும் விட அவர் நலன் பெரிது என்றே கொள்ளவேண்டும் என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு 2000ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம். புது மருந்துச் சோதனைகளுக்கு 2004இன் தனி விதிகள். அந்தச் சோதனைகளில் சட்டப்படியான பிரதிநிதி ஒருவர் அவருக்காகச் சம்மதமே தருகிறார். ஒரே இல்லத்தில் ஒரே மூதாட்டியை, மாத்திரை ஆய்வுக்கு ஒரு விதியும் பாட்டு ஆய்வுக்கு வேறொரு விதியும் ஆளும் விசித்திரம் இப்படி வந்தது.

இத்தனை வேலிகளும் சும்மா எழுந்துவிடவில்லை. 1963 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில் இருந்த யூத நாள்பட்ட நோய் மருத்துவமனையில் 22 நோயாளிகளின் தோலுக்கடியில் உயிருள்ள புற்றுநோய் அணுக்கள் செலுத்தப்பட்டன. பெரும்பாலும் முதியவர்கள், நலிந்தவர்கள். ஆய்வை வகுத்தவர் செஸ்டர் சவுதம். எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்கும் ஊசி என்று சொல்லப்பட்டது. உள்ளே இருப்பது புற்று என்று சொல்லப்படவில்லை. எழுத்தில் எதுவும் வாங்கவில்லை, வாயால் சம்மதித்தார்கள் என்றார்கள். முடியாது என்று மறுத்த இளம் மருத்துவர்கள் 3 பேர். அவர்கள் வேலையை விட்டார்கள். தண்டனைக் கணக்கு: சவுதமின் உரிமம் ஓராண்டு இடைநிறுத்தம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டு நன்னடத்தைக் கண்காணிப்பாக மாறியது. சில ஆண்டுகளில் சவுதம் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவரானார். 1966இல் ஹென்றி பீச்சர் நெறிதவறிய ஆய்வுகளைப் பட்டியலிட்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதுவும் ஒன்று. அந்தப் பட்டியலின் நீளமும் தற்செயலாக 22தான்.

இதற்கும் முன்பு, 1947இல் நியூரம்பர்க் விதிகள் பத்தில் முதலாவது, சம்மதம் தரும் சட்டத் தகுதி இல்லாதவரை ஆய்வில் சேர்க்கவே முடியாது என்னும்படி எழுதப்பட்டது. அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் முற்றிய மறதிநோயைப் பற்றி எந்த ஆய்வும் நடக்காது. 1964இன் ஹெல்சிங்கி பிரகடனம் பாதுகாவலர் வழியாக ஒரு கதவைத் திறந்தது. திறந்தது சரியா? எதிர்ப்பக்க ஏட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

மறதிநோயாளர் கத்தினால், அலைந்தால், அடிக்க வந்தால், மனச்சிதைவுக்குத் தரும் மருந்தைக் கொடுத்து அமைதிப்படுத்துவது பல காலம் வழக்கமாக இருந்தது. அந்த மருந்தை நீண்டநாள் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை அறிய ஒரே வழி, அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இல்லவாசிகளையே ஆய்வில் சேர்ப்பது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிளைவ் பல்லார்டு குழுவினர் 165 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு மருந்து தொடர்ந்தது, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. 2009இல் வெளியான முடிவு: 24 மாதம் கழித்து உயிரோடிருந்தவர்கள், மருந்து தொடர்ந்தவர்களில் 46 சதவீதம், நிறுத்தியவர்களில் 71. 36 மாதத்தில் 30க்கு 59.

அதே 2009இல் சூபே பானர்ஜி பிரிட்டன் அரசுக்குத் தந்த அறிக்கை நாட்டளவில் பெருக்கிக் காட்டியது. ஆண்டுக்கு 1,80,000 மறதிநோயாளர்களுக்கு இந்த மருந்துகள் போகின்றன. ஏதோ ஓரளவு பலன் பெறுவோர் 36,000 பேர். கூடுதல் சாவுகள் 1,800. பக்கவாதம் போன்ற மூளை ரத்தநாளப் பாதிப்புகள் 1,620. அதாவது 1,44,000 பேர் பலன் ஏதும் இல்லாமல் ஆபத்தை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர் அதனாலேயே இறந்தார். பிறகு மருந்துச் சீட்டுகள் மாறின. இங்கிலாந்தின் தேசியத் தணிக்கையில், மறதிநோயாளருள் இம்மருந்து பெற்றோர் 2006இல் 17.05 சதவீதம்; 2011இல் 6.80.

அந்த 165 பேரை 'இவர்களால் சம்மதம் சொல்லமுடியாது, எதற்கு வம்பு' என்று தள்ளியிருந்தால் அவர்களைக் காப்பாற்றியதாக ஆகியிருக்காது. மருந்து எப்படியும் போய்க்கொண்டுதான் இருந்தது. எண்ணுவதற்கு மட்டும் ஆள் இருந்திருக்கமாட்டார். கதவு திறந்தது சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் வாசலில் நிற்பவர் யார் என்பதில்தான் சிக்கல்.

வாசலில் நிற்பவர் பெரும்பாலும் மகளோ கணவரோ. அவர் எவ்வளவு சரியாகச் சொல்வார்? 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 16 ஆய்வுகளிலிருந்து 2,595 நோயாளி–உறவினர் இணைகளைச் சேர்த்துப் பார்த்தது. நோயாளி என்ன சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பார் என்பதை உறவினர் சரியாக ஊகித்தது 68 சதவீதம். மூன்றில் ஒன்று தவறு. கேட்டது சிகிச்சை பற்றித்தான், ஆராய்ச்சி பற்றி அல்ல; ஆராய்ச்சி பற்றி வீட்டில் யாரும் பேசியே இருக்கமாட்டார்கள் என்பதால் இதைவிட நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருந்தும் மக்கள் இதை ஏற்கிறார்கள். 2009இல் வெளியான ஓர் அமெரிக்கக் கருத்துக்கணிப்பில், மறதிநோய் ஆய்வுக்குக் குடும்பத்தார் சம்மதம் தருவதை அனுமதிக்கலாம் என்ற முதியவர்கள், ஆய்வின் தன்மையைப் பொறுத்து, 67.5 முதல் 82.5 சதவீதம். தாமும் சேர விரும்புவதாகச் சொன்னவர்கள் 57.4 முதல் 79.7. பெரும்பான்மை ஆம் என்கிறது. ஆனால் வேண்டாம் என்ற கணிசமான பங்கினரும் முதுமையில் ஏதோ ஓர் இல்லத்தில் இருக்கக்கூடும், அவர்கள் முகத்தில் அது எழுதியிருக்காது.

அதனால்தான் என் கணக்கின் கடைசி வரி, மறுபடி மறுபடி கேட்பது. பிரிட்டனில் செவிலியராக இருந்து ஆய்வாளரான ஜான் டூயிங் என்ற பெண்மணி 2007இல் இதை ஒரு முறையாக எழுதினார். ஐந்து கட்டங்கள்: முன்தயாரிப்பு, அவரது வழக்கமான நிலையை அறிதல், முதல் சம்மதம், தொடர்ந்து கவனித்தல், நடந்ததை இல்லத்தாரிடம் சொல்லி ஆதரவு தருதல். இரண்டாவதுதான் முக்கியம். நிம்மதியாக இருக்கும்போது அவர் எப்படி உட்காருவார், எரிச்சல் வந்தால் விரல் என்ன செய்யும் என்பது தெரியாமல், இன்று அவர் முகத்தைத் திருப்பியது மறுப்பா ஜன்னல் வெளிச்சமா என்று எப்படிச் சொல்வது? இதை நன்கு அறிந்தவர் நாள்தோறும் குளிப்பாட்டி உடுத்திவிடும் பணியாளர். 32ஆவது பிரிவு வீட்டாரின் இடத்தில் அவரை ஆலோசனைக்கு வரவிடவில்லை. ஆனால் 33ஆவது பிரிவு அவர் கண் இல்லாமல் நடக்காது. அவருடைய நேரத்துக்கு ஆய்வு நிதியில் பணம் ஒதுக்குவது என் பட்டியலில் இன்னும் சேர்க்காத ஒரு செலவு.

ஆய்வுகளின் அளவைப் பார்த்தால் இந்த நேரம் எப்படிப் பெருகுகிறது என்று தெரியும். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் கிளேர் குட்மன் குழு வாழ்வின் இறுதிக்காலப் பராமரிப்பை அறிய 6 இல்லங்களில் 133 பேரைச் சேர்த்தது, இல்லத்துக்கு 22. 'வெல்டு' எனும் ஆய்வு 69 இல்லங்களில் 847 பேரைச் சேர்த்து, ஒன்பது மாதம் கழித்து 553 பேரோடு முடிந்தது. குறைந்த 294இல் இறந்தவர்களும் அடக்கம். பராமரிப்பைக் கவனித்துத் திருத்தும் இன்னோர் ஆய்வு 50 இல்லங்களில் 726 பேரோடு தொடங்கியது. இழப்பை ஈடுகட்ட இடையில் 261 பேரைப் புதிதாகச் சேர்க்கவேண்டியிருந்தது. அந்த 261 பேருக்கும் முகம் பழகுவதிலிருந்து தொடங்கவேண்டும். என் 104 மணி 40 நிமிடத்தை 50 இல்லங்களுக்குப் பெருக்கினால் 5,233 மணி, ஒரே ஆளுக்கு ஏறத்தாழ 150 வாரம்.

பெரிய செலவுதான். ஆனால் 2023இல் அமெரிக்காவில் லெக்கானமாப் எனும் மறதிநோய் மருந்துக்கு வைத்த விலை ஆளுக்கு ஆண்டுக்கு 26,500 டாலர். அதன் பெரிய சோதனையில் இருந்த 1,795 பேரும் நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்கள். முற்றிய நிலையில் இல்லங்களில் இருப்போருக்கு அந்த மருந்து இல்லை. அவர்களுக்கு வேண்டியது வலி தெரியாமல் இருப்பது, விழாமல் நடப்பது, தொண்டையில் அடைக்காமல் சாப்பிடுவது. இவற்றை ஆராய ஆளுக்கு 3 மணி 44 நிமிடம் கேட்டால் அதிகம் என்கிறோம்.

ஆய்வறிக்கைகளில் எத்தனை பேரை அணுகினோம், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேர் இடையில் விடுபட்டார்கள் என்று ஒரு படம் இருக்கும். சேர்ந்த பிறகு, எத்தனை முறை அன்றைக்கு வேண்டாம் என்று முகம் திருப்பினார்கள், எத்தனை முறை ஆய்வாளர் திரும்பிப் போனார் என்று சொல்ல அதில் கட்டம் இல்லை. ஒரு கட்டம் சேர்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. நான்கு சுற்று முடித்த ஓர் ஆய்வு அந்த இடத்தில் பூஜ்யம் என்று எழுதினால், கேட்டதே சந்தேகம் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இந்தக் கணக்கில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு. 1998இல் உருவான 10/66 ஆய்வுக் குழுவின் பெயரே இரண்டு எண்கள்தான்: மறதிநோயாளரில் 66 சதவீதம் வளரும் நாடுகளில், ஆராய்ச்சியில் 10 சதவீதத்துக்கும் குறைவே அங்கே. அக்குழு இந்தியாவில் தேர்ந்தெடுத்த இடங்களில் சென்னையும் வேலூரும் உண்டு. 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 தாண்டியோரில் 7.4 சதவீதம், 88 லட்சம் பேர், மறதிநோயோடு இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 99ஆவது பிரிவில், சம்மதம் தர இயலாத, ஆனால் எதிர்ப்புக் காட்டாத ஒருவரிடம் தலையீட்டு ஆய்வு நடத்த மாநில மனநல ஆணையத்தின் அனுமதியும், அவருடைய நியமனப் பிரதிநிதியின் சம்மதமும் கேட்கிறது. 2019இன் மருந்துச் சோதனை விதிகள், புதிய மூலக்கூறுகளைச் சோதிக்கும்போது, எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் சம்மதம் பெறுவதை ஒலி-ஒளிப் பதிவாக எடுக்கச் சொல்கின்றன. கேமரா முதல் நாளைப் பதிவு செய்யும். நாற்பதாம் நாள் காலையில் அவர் கையை இழுத்துக்கொண்டது அதில் வராது.

அந்தப் பிரதிநிதியை நியமிக்க அதே சட்டத்தின் 14ஆவது பிரிவு கேட்பது ஒரு வெள்ளைத்தாளும் கையெழுத்தோ கைநாட்டோ மட்டும். முத்திரைத்தாள் வேண்டாம். சிகிச்சை பற்றிய முன்கூட்டிய விருப்பத்தை எழுதிவைக்கவும் 5ஆவது பிரிவு இடம் தருகிறது; ஆராய்ச்சி பற்றி அதில் தனிப் பேச்சில்லை. ஆனாலும் நோய் தொடக்கத்தில் கண்டறியப்பட்டவர், தெளிவு இருக்கும்போதே, பிரதிநிதியின் பெயருக்குக் கீழே நான்கு வரி சேர்த்து எழுதலாம். என் கோப்பைப் படிக்கலாமா, ரத்தம் எடுக்கலாமா, தலையைப் படம் எடுக்கலாமா, புது மருந்தைச் சோதிக்கலாமா. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை, அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து முடிவு செய் என்ற மூன்றில் ஒன்று. வீட்டாரோடு பேசிக்கொண்டே எழுதினால் அரை மணி நேரம்.